முடியாத ப்ரீ-காப்பி

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை (மென்பொருளால் உருவான மெய்நிகர் கணினி) நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு, அதாவது அதைத் தாங்கும் வேறு கணினிக்கு, மாற்றுவதை 'லைவ் மைக்ரேஷன்' என்பார்கள். அதில் ப்ரீ-காப்பி முறை, விஎம் பழைய இடத்தில் ஓடும்போதே நினைவகத்தை நகலெடுத்து, இடையில் மாறியதைச் சுற்றுச் சுற்றாகத் திரும்ப அனுப்பும். அனுப்ப வேண்டிய மிச்சம் சுற்றுக்குச் சுற்று குறையும் என்கிறது இதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. வெப் சர்வருக்குச் சரி. எழுத்துவேலை அதிகமுள்ள டேட்டாபேஸுக்கு அப்படி அமைவதில்லை. நினைவகத்தை 4 கேபி துண்டுகளாக, அதாவது பக்கங்களாகக் கையாள்வதால், ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பைட் மாறினாலும் பொதுவாக முழுப் பக்கத்தையும் திரும்ப அனுப்ப வேண்டும். 10 ஜிகாபிட் இணைப்பில் நொடிக்குச் சுமார் 1.2 ஜிபிதான் போகும். விஎம் அதைவிட வேகமாக எழுதினால் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

விஎம்களை இயக்கும் மென்பொருளான க்யூஎமுவில் ஆட்டோ-கன்வெர்ஜ் போடலாம். அது விஎம்மின் சிபியுவை இழுத்துப் பிடிக்கும், வேலை முடியும், ஆனால் பயனர்கள் "ஏன் இவ்வளவு ஸ்லோ?" என்று கேட்பார்கள். அப்புறம் அது என்ன 'லைவ்'?

இன்னொரு முறையான போஸ்ட்-காப்பியைக் கட்டுரையில் ஒரே வரியில் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் விஎம் முதலில் புது ஹோஸ்டில் எழுந்துவிடும். கையில் இல்லாத பக்கத்தைத் தொட்டால், லினக்ஸின் யூசர்ஃபால்ட்எஃப்டி (இல்லாத பக்கம் தொடப்பட்டதை நிரலுக்குத் தெரிவிக்கும் வசதி) மூலம் பழைய ஹோஸ்டிலிருந்து வரவழைக்கும். நடுவில் நெட்வொர்க் அறுந்தால்? நினைவகம் இரண்டில் எந்த ஹோஸ்டிலும் முழுதாக இருக்காது. ப்ரீ-காப்பியில் அந்தப் பயமில்லை, பழைய விஎம் பாட்டுக்கு ஓடும். என்னைக் கேட்டால், முதல் சுற்றை ப்ரீ-காப்பியில் விட்டு, மிச்சம் குறையாவிட்டால் மட்டும் போஸ்ட்-காப்பிக்கு மாறுவதே நல்லது.