பள்ளிச் சட்டமும் தூக்குமரமும்

சமய உரிமை தேடி 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கண்டிப்பான சீர்திருத்தக் கிறித்தவர்களான ப்யூரிட்டன்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அவர்கள் என்றாலே, சூனியம் செய்ததாகப் பலர்மேல் குற்றம் சாட்டப்பட்ட சேலம் ஊர் வழக்குகள்தாம் என்ற தொனியில் அது முடிந்திருப்பது சற்று அவசரமான தீர்ப்பாகவே எனக்குப் படுகிறது. 1692-இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டதும், விசாரணைக்கு உடன்பட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரி கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டதும் மறைக்க முடியாத வரலாறு. ஆனால், அவ்வழக்குகளில் நீதிபதியாக அமர்ந்த சாமுவேல் சூவல் 1697-இல் பாஸ்டன் தேவாலயத்தில் சபையார் முன்னிலையில் எழுந்து நின்றதையும், பழியைத் தம்மேல் ஏற்கும் அவரது அறிக்கையைப் போதகர் வாசித்ததையும் கட்டுரையாளர் ஏனோ விட்டுவிட்டார்.

அதைவிடப் பெரிய விடுபடல் கல்வி. வேதத்தை அறியவிடாமல் மக்களைத் தடுப்பதே சாத்தானின் சூழ்ச்சி என்ற முகவுரையுடன் ப்யூரிட்டன்களின் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1647-இல் இயற்றிய சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றும், 100 குடும்பங்களானால் மாணவரைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் பள்ளியே நிறுவ வேண்டும் என்றும் விதித்தது. ஹார்வர்டு கல்லூரி அதற்கு முன்பே, 1636-இல், தோன்றிவிட்டது.

அவர்கள் தேடிய சமய உரிமை தங்களுக்கானது மட்டுமே என்ற கட்டுரையாளரின் கருத்தில் எனக்கு மாறுபாடில்லை. குவாக்கர் என்னும் வேறொரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்மணி மேரி டையரை 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டவர்களும் அதே பள்ளிகளைத் திறந்தவர்கள்தாம்.