என்.யூ.ஐ.டி. எண் மட்டும் போதாது: கேரளத்தில் வேலைக்குச் சேரும் நர்சுகளுக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "கோவையில் நர்சிங் முடித்து என்.யூ.ஐ.டி. எண் வாங்கியவர்கள் இந்தியா முழுக்க வேலை செய்யலாம். கேரளத்தில் தனியாகப் பதிய வேண்டாம்." இது தவறு.

என்.யூ.ஐ.டி. என்பது இந்திய நர்சுகள் பதிவேட்டில் உங்களுக்கான தனி அடையாள எண், அவ்வளவுதான். வேலை செய்யும் உரிமையைத் தருவது மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவு. தமிழ்நாட்டுக் கவுன்சில் 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் இயங்குகிறது. திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரளக் கவுன்சிலுக்கு 1953ஆம் ஆண்டுச் சட்டம். வாளையார் எல்லையைத் தாண்டி பாலக்காட்டிலோ திருச்சூரிலோ வார்டில் நிற்க கேரளப் பதிவு வேண்டும்.

"அப்படியென்றால் மறுபடி பரீட்சை எழுதணும்" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் இல்லை. அங்கீகாரம் பெற்ற படிப்பு எந்த மாநிலப் பதிவுக்கும் போதுமான தகுதி என்று 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமே சொல்லிவிட்டது. கேரளக் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பழைய பதிவைத் தமிழ்நாட்டுக் கவுன்சில் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே நடக்கிற வேலை என்பதால் நாளாகும். "சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வார்டில் ஏதாவது தவறு நேர்ந்தால் பதிவில்லாத நர்ஸ்தான் முதலில் மாட்டுவார்.

அப்புறம், தமிழ்நாட்டுப் பதிவு காலாவதி ஆகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.