ஏழு மணிக்குள் எட்டு டிகிரி

(இராயபுரத்தில் ஒரு மாடி வீட்டின் கூடம். அக்கினி நட்சத்திரத்து மாலை, ஆறு மணி. ஸ்டெல்லா பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. காசிமேட்டில் ஐஸ் கடை வைத்திருக்கும் செல்வம் பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய பழைய மாணவர். வாக்கியத்தைப் பாதியில் விட்டால் டீச்சர் இன்றும் திருத்துவார் என்ற அச்சம் செல்வத்துக்கு உண்டு; ஆகவே இருவரும் கட்டுரை நோட்டில் எழுதுவதைப் போலவே பேசிக்கொள்கிறார்கள்.)

ஸ்டெல்லா: வா செல்வம். ஏழு மணிக்கு விருந்தினர் பதினான்கு பேர் வருகிறார்கள். எங்கள் நாற்பதாவது திருமண நாளில் திறக்க வேண்டும் என்று மாப்பிள்ளை பிரான்ஸிலிருந்து வாங்கி வந்த ஷாம்பெயின் இதோ இருக்கிறது. இதைக் குளிர வைக்கும் பொறுப்பை உன்னிடம் ஒப்படைக்கிறேன்.

செல்வம்: (பாட்டிலைத் தொட்டுப் பார்த்து) டீச்சர், குளிர வைப்பதற்கு முன்னால் இதற்குக் காய்ச்சல் இறங்க வேண்டும். இதுவரை எங்கே வைத்திருந்தீர்கள்?

ஸ்டெல்லா: ஷோகேஸில், வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்கும் அவர் கேரம் போட்டியில் வாங்கிய கோப்பைக்கும் நடுவே. பீரோவுக்குள் பூட்டி வைத்தால் வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

செல்வம்: வருகிறவர்களோடு மேற்கு ஜன்னல் வெயிலும் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

ஸ்டெல்லா: அதைத்தான் மாப்பிள்ளையும் எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்றைக்குத்தான் படித்தேன். இருட்டில், அசையாமல், 10 முதல் 12 டிகிரிக்குள் வைக்க வேண்டுமாம். வெளிச்சம் பட்டால் சுவை கெட்டு ஒருவித வாடை வந்துவிடும் என்பதால்தான் கண்ணாடியே கரும்பச்சையாக இருக்கிறதாம். ரெய்ம்ஸ் நகரத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகளில் ஆண்டு முழுவதும் அதே குளிர்ச்சி இருக்குமாம்.

செல்வம்: இராயபுரத்தில் நிலவறை தோண்டினால் கிணறுதான் கிடைக்கும், அதுவும் உப்புக் கிணறு. நடந்தது நடந்துவிட்டது, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து எடுத்துவிடலாமா?

ஸ்டெல்லா: அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறார். வைத்துவிட்டு மறந்தால் உள்ளே இருப்பது உறைந்து விரிந்து, ஒன்று பாட்டில் வெடிக்கும், இல்லையென்றால் தக்கை பறக்கும். இப்போதே உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கிறதாம். கார் டயரில் அடிக்கிற காற்றை விட இரண்டு மடங்குக்கு மேல் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்.

செல்வம்: (பாட்டிலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, மேசையையும் சற்றுத் தள்ளி வைக்கிறார்) அது சாதாரணச் சூட்டில் இருக்கும்போது சொன்ன கணக்கு. இதற்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

ஸ்டெல்லா: என் வீட்டுக்காரர் வேறு, கார் பந்தயத்தில் ஜெயித்தவர்களைப்போல நன்றாகக் குலுக்கிவிட்டுத் திறப்பேன் என்று காலையிலிருந்து தோள்பட்டைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்.

செல்வம்: இந்தச் சூட்டில் குலுக்கவே தேவையில்லை, டீச்சர்; கம்பியைத் தளர்த்தினாலே பாதி பாட்டில் விரிப்புக்கும், தக்கை டியூப் லைட்டுக்கும் போய்விடும். குளிர்ந்த தண்ணீரில்தான் வாயு கரைந்து அடங்கிக் கிடக்கும். சூடு ஏற ஏற வெளியே ஓடத்தான் பார்க்கும். கடைப் பையனிடம் ஒரு ஐஸ் பாரை உடைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டியிலேயே போட்டுவிடலாம்.

ஸ்டெல்லா: அந்தப் பெட்டியில் நேற்று என்ன இருந்தது?

செல்வம்: நெத்திலி.

ஸ்டெல்லா: பதினைந்து மாதங்களுக்குக் குறையாமல் நிலவறையில் வைத்திருந்து அந்த மணத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது நெத்திலியோடு போட்டியிடும் நிலையை என் வீட்டில் நான் அனுமதிக்க மாட்டேன். பிரியாணி அண்டாவை எடுத்துக்கொள்.

(ஐஸ் வந்து சேர்கிறது. செல்வம் அண்டாவை நிரப்புகிறார். பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிறார்.)

ஸ்டெல்லா: நில், நில். ஐஸில் எதற்காகத் தண்ணீரை ஊற்றுகிறாய்? உருகிவிடாதா?

செல்வம்: இந்த ஒரு பாடத்தை மட்டும் நான் உங்களுக்கு நடத்துகிறேன். ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் இருப்பது காற்று. காற்று சூட்டை எளிதில் வாங்காது. பாதி ஐஸ், பாதி தண்ணீர் என்று இருந்தால்தான் பாட்டிலின் எல்லாப் பக்கத்தையும் குளிர் தொடும். கழுத்து வரை மூழ்க வேண்டும். இல்லையென்றால் முதல் கிளாஸ் வெந்நீராகத்தான் வரும். சாதாரணமாக அரை மணி நேரம் போதும். உங்கள் ஷோகேஸுக்கு மரியாதை கொடுத்து முக்கால் மணி நேரம் வைப்போம். இரண்டு கைப்பிடி உப்புப் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போய் இன்னும் வேகமாகக் குளிரும், ஆனால் அப்படிப் போட்டால் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும்.

ஸ்டெல்லா: உப்பு வேண்டாம். 8 முதல் 10 டிகிரிக்குள்தான் பரிமாற வேண்டும், அதற்கும் கீழே போனால் நாக்கு மரத்து மணமே தெரியாது என்று எழுதியிருக்கிறார். காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொண்டுவரட்டுமா?

செல்வம்: அது 35க்குக் கீழே இறங்காது. என் கடையில் மீன் பார்க்கும் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்கும் கீழே காட்டும். ஆனால் திறக்காத பாட்டிலுக்குள் எதுவும் நுழையாது, டீச்சர். சுவர்க் கடிகாரம்தான் நமக்குத் தெர்மாமீட்டர்.

ஸ்டெல்லா: சென்னையில் ஒயினுக்கு ஐஸ் வைப்பது ஒன்றும் புதிதல்ல. 1842இல் மெரினாவில் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் அறுத்த ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்தார்களே.

செல்வம்: கப்பலிலா? அவ்வளவு தூரம் வந்தும் உருகாமல் மீதி இருந்திருக்கிறது. என் பையன் காசிமேட்டிலிருந்து வருவதற்குள் கால் பாரைக் காணோம்.

(இவ்விடத்தில் செல்வம் அமெரிக்கர்களைப் பற்றிச் சற்று நேரம் யோசிக்கிறார், டீச்சர் குறுக்கிடவில்லை.)

ஸ்டெல்லா: இருப்பது 750 மில்லி, வருவது பதினான்கு பேர். ஒரு பாட்டிலில் ஆறு கிளாஸ்தான் வரும் என்கிறார் மாப்பிள்ளை. பாயசக் கரண்டியால் ஊற்றினால் கௌரவமாக இருக்குமா?

செல்வம்: கரண்டி வேண்டாம், ஆனால் அளவு அதுதான் சரி. இந்தக் கூடத்துச் சூட்டில் கிளாஸ் நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். கொஞ்சமாக ஊற்றுவதே முறை என்று மாப்பிள்ளை எழுதியிருப்பதாகச் சொல்லிவிடுங்கள். யாராவது இந்த ஐஸை அள்ளிக் கிளாஸில் போட வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். ஷாம்பெயின் நீர்த்துப்போவது ஒரு பக்கம் இருக்க, இது மீனுக்கு விற்கிற ஐஸ்.

ஸ்டெல்லா: மிச்சமானால், பாட்டிலின் வாயில் வெள்ளி ஸ்பூனைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்று என் நாத்தனார் சொல்கிறாள்.

செல்வம்: ஸ்பூன் எப்படி வாயுவைப் பிடித்து வைக்கும்? இறுக்கமான மூடி போட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். பதினான்கு பேருக்கு மிச்சம் என்பதே வராது, ஸ்பூன்தான் மிச்சமாகும். திறக்கும்போது சாரிடம் சொல்லுங்கள்: கட்டை விரல் தக்கையை விட்டு எடுபடவே கூடாது, சாய்த்துப் பிடித்து, தக்கையைத் திருகாமல் பாட்டிலைத் திருக வேண்டும். சத்தம் பெருமூச்சைப்போல வந்தால் போதும்.

(ஆறு ஐம்பது. தொலைபேசி ஒலிக்கிறது. ஸ்டெல்லா பேசிவிட்டு வருகிறார்.)

ஸ்டெல்லா: பேசின் பாலத்தில் வண்டிகள் நகரவில்லையாம், சம்பந்தி வீட்டார் வர எட்டரை ஆகுமாம்.

செல்வம்: அதுவரை அண்டாவில் விட்டால் பூஜ்யத்தைத் தொட்டுவிடும்; வெளியில் எடுத்தால் மறுபடியும் காய்ச்சல் வந்துவிடும். ஃப்ரிஜ்ஜின் கீழ்த் தட்டில் படுக்க வைத்துவிட்டு, பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எடுப்பதுதான் வழி.

ஸ்டெல்லா: கீழ்த் தட்டில் நாளைக் காலைக்கு ஆட்டி வைத்த இட்லி மாவு இருக்கிறது. இந்த வெயிலில் அதை வெளியே வைத்தால் எட்டரைக்குள் பொங்கி வழிந்து, விருந்தினர் வரும்போது வீடு முழுவதும் புளித்த வாடை வீசும்.

செல்வம்: (யோசித்து) மாவுப் பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி இருக்கிறதா, டீச்சர்?

ஸ்டெல்லா: இருக்கிறது.

செல்வம்: அண்டா காலியாகத்தான் இருக்கிறது. கழுத்து வரை இறக்குங்கள்; நான் இன்னொரு ஐஸ் பாருக்குச் சொல்லிவிடுகிறேன்.