மார்மியின் கோபம் நாவலிலேயே இருக்கிறது

'2019-இல் வந்த லிட்டில் விமன் படத்தில் அம்மா கோபக்காரி, ஜோவுக்குக் கல்யாணமே வேண்டாம். இதெல்லாம் நாவலில் இல்லாத இன்றைய பெண்ணியத் திணிப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

லூயிசா மே ஆல்காட் எழுதிய அந்த நாவலில் ஜோவின் அம்மா மார்மி. அவளுடைய கோபம் 1868-இல் வெளியான முதல் பாகத்திலேயே இருக்கிறது. ஜோவின் தங்கை ஏமி பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்து பிழைத்த இரவு. தன் கோபத்தால்தான் எல்லாம் என்று ஜோ அழும்போது, தானும் ஏறக்குறைய தினமும் கோபப்படுவதாக மார்மி சொல்கிறாள். அதை வெளியே காட்டாமலிருக்கக் கற்றுக்கொண்டேன், இனி கோபமே வராமலிருக்கவும் கற்க வேண்டும் என்கிறாள். 2019 படத்தின் இயக்குநர் கிரேட்டா கெர்விக் முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டு, கோபமே வரக்கூடாது என்ற ஆசையை விட்டுவிட்டார். காலம் மாறியது தெரிவது அந்த வெட்டில்தான். இதைக் கவனிக்காமல் 'திணிப்பு' என்பது ஆல்காட்டுக்குச் செய்யும் அநியாயம்.

ஜோ விஷயமும் அப்படித்தான். நாவலில் அவள் பேராசிரியர் பேயரை மணப்பது உண்மை. ஆனால் ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருந்திருக்க வேண்டும் என்று ஆல்காட்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கல்யாணம் வேண்டுமென்று கேட்டவர்கள் அன்றைய வாசகிகள்.

சரி, ஏமி கல்யாணத்தைப் பணக் கணக்காகப் பேசும் வசனம் படத்துக்காகச் சேர்த்ததுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேர்ப்பது 2019-இல் தொடங்கவில்லை. 1994 படத்திலேயே ஜோ பெண்களின் வாக்குரிமைக்காக ஆண்கள் நடுவே வாதாடுகிறாள்.