கடுங்குளிருக்குப் பிறகு மான் வேட்டைக்குத் திட்டம் போடும் நண்பர்களுக்கு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மேற்கு மலைகளுக்கு மியூல் மான் (கழுதைபோல் பெரிய காதுள்ள மான்) வேட்டைக்குப் போக நினைக்கும் நண்பர்கள் என்ன கூடாரம், என்ன ஸ்கோப் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதையெல்லாம் கடையில் போய் வாங்கிக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது கடந்த சில குளிர்காலங்களின் கணக்கை.

2022-23 குளிர்காலத்தை மறந்துவிட்டு அங்கே யாரும் திட்டம் போட முடியாது. வயோமிங் ரேஞ்ச் மலைத்தொடரில் வயோமிங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரேடியோ காலர் மாட்டிக் கவனித்துவந்த குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வளர்ந்த பெண்மான்களிலும் பாதிக்கு மேல் போய்விட்டன. இந்த மான்கள் குளிர்காலத்தைக் கடப்பது பெரும்பாலும் கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான். சேஜ்பிரஷ் புதரைக் கொறிப்பது அந்தக் கொழுப்பு தீரும் நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பனி ஆழமாகி, மேல்பரப்பு இறுகி, வசந்தம் தள்ளிப்போனால் எல்லாம் தீர்ந்துவிடும். அப்படிச் செத்த மானின் தொடையெலும்பை உடைத்தால், வெள்ளையாய், மெழுகு மாதிரிக் கெட்டியாய் இருக்க வேண்டிய மஜ்ஜை சிவந்து கூழாகிக் கிடக்கும். உடம்பு கடைசியாகக் கைவைக்கும் கொழுப்பு அது. பாவம் பார்த்து உலர்புல் போட்டாலும் பயனில்லை. வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதற்குப் பழகாததால், வயிறு நிறைந்திருக்கும்போதே மான் செத்துப்போகும்.

2023இல் மாநிலம் வேட்டைக் காலத்தைச் சுருக்கியது, வெளிமாநிலத்தவர்களுக்கான டேக்குகளை, அதாவது மான் சுடுவதற்கான அனுமதிச் சீட்டுகளை, குறைத்தது. சரியான முடிவு. ஆனால் பலர் அந்த ஒரு வருடத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். வேட்டைக்காரருக்கு உண்மையான அடி பிறகுதான் விழும். 2022 ஜூனில் பிறந்த குட்டிகள் பிழைத்திருந்தால், 2026 இலையுதிர் காலத்தில் அவை நான்கு வயது ஆண்மான்களாக நிற்கும். அந்த வயதுக் கூட்டமே ஏறக்குறைய இல்லை. அடுத்து 2023இல் குட்டி போட்டவை எலும்பும் தோலுமாய் மிஞ்சிய கொஞ்சத் தாய்மான்கள். தாய் மெலிந்திருக்கும் வருடத்தில் பிறக்கும் ஆணுக்குக் கொம்பும் சிறுத்தே வளரும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

'கூட்டம் பெருகுவது பெண்மான்களால்தான், ஆண்மானைச் சுட்டால் எண்ணிக்கை குறையாது' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் நாம் மலையேறுவது முதிர்ந்த ஆண்மானைத் தேடி. இரண்டு வயதில் சுட்டுவிட்டால் அது எப்படி ஐந்து வயதாகும்? கொம்பில் ஒரு பக்கம் மூன்று முனையாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்தாலும் அது ஒரு வயது மான்களைத்தான் பெரும்பாலும் காப்பாற்றும். அதற்கு மேல் நம் பொறுப்பு.

அதனால் ஜூலை, ஆகஸ்டிலேயே ஒரு முறை மேலே போய்ப் பாருங்கள். வளரும் கொம்பு இன்னும் வெல்வெட்டில் (மென்மயிர்த் தோல் மூடி) இருக்கும் அந்த மாதங்களில் ஆண்மான்கள் மரங்கள் வளரும் உயரத்துக்கு மேலே வெட்டவெளியில் மேயும். விடியும்போதே பைனாகுலரோடு உட்கார்ந்துவிட வேண்டும். கொம்பை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். இளசு என்றால் வயிறு ஒட்டி, கால் நீண்டு தெரியும். முதிர்ந்தது மார்பு ஆழ்ந்து, வயிறு தொங்கி, கழுத்து தடித்து நிற்கும். சந்தேகம் வந்தால் சுடாதீர்கள். டேக் வாங்கிவிட்டோம், லீவு போட்டுவிட்டோம் என்பதெல்லாம் விசையை அழுத்தக் காரணமே இல்லை. வெறுங்கையோடு திரும்பலாம், ஒன்றும் ஆகிவிடாது.

அப்புறம், வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே வில்டர்னஸ் (இயற்கை மாறாமல் காக்கப்படும் காட்டுநிலம்) என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கான அனுமதி பெற்ற உள்ளூர்க்காரரோ கூட வர வேண்டும். வரைபடத்தில் எல்லையைப் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் மிகவும் கேட்டுக்கொள்கிறேன். உதிர்ந்த கொம்பு பொறுக்கக் குளிர்கால மேய்ச்சல் நிலத்துக்குள் போகாதீர்கள். மேற்கு வயோமிங்கில் ஜனவரி முதல் ஏப்ரல் முடியும்வரை அதற்குத் தடை உண்டு, வெளிமாநிலத்தவருக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதல். மார்ச் கடைசியில் நம்மைப் பார்த்து மிரண்டு ஒரு மேடு ஏறி ஓடுகிற சினைமானுக்கு, அந்த ஓட்டத்துக்குச் செலவழிக்கக் கொழுப்பு மிச்சம் இருக்காது.