நாகப்பட்டினம் சாலையில் நடப்பவர்களுக்கும் இடம் வேண்டும்

கோயம்புத்தூரில் கிளம்பி பழனி, திண்டுக்கல், திருச்சி வழியாக நாகப்பட்டினத்தில் கடலோரம் வந்து முடிகிறது 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தஞ்சாவூரைத் தாண்டியதும் அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் என்று வயல்களுக்கு நடுவே போகும். இந்தக் கடைசிப் பகுதியின் விரிவாக்கப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பதைப் பற்றியும் எல்லோரும் பேசியாயிற்று. இந்தச் சாலையில் நடந்து போகிறவர்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அந்த நாள்களில் இரவில் இந்த வழியாகப் போய்ப் பாருங்கள். காவி உடையில் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். முன்னால் மாதா சொரூபம் வைத்த சிறிய தேர். பின்னால் கொப்புளம் வெடித்த காலில் துணி சுற்றிய பெண்கள், தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்ட தகப்பன்மார்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடைக்கிற கொஞ்சம் இடம்தான் அவர்களுக்கு. லாரி வெளிச்சம் முதுகில் பட்டதும் வரிசை முழுவதும் புல்லுக்குள் இறங்குகிறது. போனதும் மறுபடி ஏறுகிறது. விடிய விடிய இப்படித்தான்.

குறுவை அறுவடையும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல். காயவைக்கப் போதிய களம் இல்லாததால் சாலையோரமே களமாகிறது. நெல்லைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். நடப்பவர்கள் வண்டிகள் ஓடும் இடத்துக்குள் வந்துவிடுவார்கள். காரை நிறுத்தி விவசாயியைத் திட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. மழை வந்து நெல் முளைத்துவிட்டால் அந்த நட்டத்தை இவர்களா ஏற்பார்கள்?

ஊருக்கு ஊர் களம் கட்டுங்கள். சாலையின் ஒரு பக்கமாவது, வண்டி ஏற முடியாத உயரத்தில் நடைபாதை போடுங்கள். நிலத்துக்கு எங்கே போவது என்பார்கள். நியாயம்தான், இரண்டு பக்கமும் நஞ்சை. ஒரு குழி நிலத்தை எடுப்பதும் எளிதல்ல. ஆனால் பல இடங்களில் சாலையை ஒட்டியே வாய்க்கால் போகிறது. அதன் கரையைப் பலப்படுத்தினால் நடக்க வழி கிடைக்கும், கரையும் உடையாது.

ராமேஸ்வரத்துக்கு நடந்து போனவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. வழிநடையாளருக்கு நிழலும் சோறும் தந்த சீமையில், இன்று கால் வைக்க இடம் கேட்டுப் பதிவு எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை இந்தச் சாலையில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் ஆகஸ்ட் கடைசி வாரத்தில், இரவில் வரட்டும். வண்டிகளோடு நடந்து போகிறவர்களையும் எண்ணிக்கொண்டு போகட்டும்.