ஷூட்டிங்குக்கு முன்பே ஒரு நிமிடத்தை எடிட் செய்து பாருங்கள்

குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று வாரக்கணக்கில் பேசுகிறோம். எடுத்த ஃபுட்டேஜ் எடிட்டிலிருந்து கலருக்கும் சவுண்டுக்கும் எப்படிப் போகும், அங்கிருந்து எப்படித் திரும்பி வரும் என்று பேச அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. இந்தப் பேச்சு ஷூட்டிங்குக்கு முன்பே நடந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சில வருடங்களுக்கு முன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் பற்றி 40 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடிட் செய்தேன். ஒரே மாடலில் இரண்டு கேமரா. கூடவே ஒரு தொழிலாளியின் மகன் தன் போனில் எடுத்த காட்சிகள். படத்திலேயே உயிருள்ள பகுதி அந்தப் பையன் எடுத்ததுதான். எடிட் முடிந்து, இனி மாற்றமில்லை என்று லாக் செய்து, எந்தக் கிளிப் எங்கே வெட்டப்பட்டது என்று சொல்லும் எக்ஸ்எம்எல் ஃபைலை எடுத்து, ஒரிஜினல் ஃபுட்டேஜோடு படத்தின் நிறத்தைச் சீராக்கும் கலரிஸ்ட்டுக்கு அனுப்பினேன். அவர் வேலை செய்வது வேறு மென்பொருளில். இரவு பதினொரு மணிக்கு போன் வந்தது. "அண்ணா, இந்தப் பாட்டி பேசுற இடத்துல உப்புக் குவியல்தான் வருது. கட்டே இப்படித்தானா?"

இரண்டு கேமராவும் சி0001, சி0002 என்று ஒரே மாதிரி பெயர் வைத்திருந்தன. கார்டை ஃபார்மட் செய்ததும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. ஆக, சி0014 என்ற பெயரில் எங்களிடம் ஐந்து கிளிப். கலர் மென்பொருள் பெயரைப் பார்த்து முதலில் கிடைத்ததை எடுத்து வைத்துவிட்டது. போன் காட்சிகளில் வேறு சிக்கல். நொடிக்கு 30 ஃபிரேம் என்று போன் சொல்லும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் தானாகவே குறைத்துக்கொள்ளும். இப்படி ஏறி இறங்கும் கிளிப்பை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. நான் வெட்டிய இடம் ஒன்று, அவருக்குத் தெரிந்த இடம் இன்னொன்று. என் எடிட்டிலிருந்து எடுத்த ரெஃபரன்ஸ் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஷாட் ஷாட்டாக இரண்டு இரவு உட்கார்ந்து சரிசெய்தோம். கலருக்கு என்று வைத்திருந்த நேரம் அதிலேயே போய்விட்டது. அந்தப் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

கார்டை இறக்கிய அன்றே நாள், கேமரா, கார்டு எண் மூன்றையும் கோப்பின் பெயரில் சேர்த்து, போன் கிளிப்பை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றியிருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது. மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

"எம்பி4தானே, எல்லாவற்றிலும் ஓடும்" என்று பலர் சொல்கிறார்கள். எம்பி4 என்பது வெறும் டப்பா. உள்ளே இருக்கும் சரக்கு எச்.264ஆக இருக்கலாம், எச்.265ஆக இருக்கலாம்; இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள். பெரும்பாலான கேமராக்கள் இவற்றைப் பதியும் முறையில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. சில ஃபிரேம்கள் முழுசாக இருக்கும், நடுவில் இருப்பவை 'என்ன மாறியது' என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்கும். ஒரு ஃபிரேமைக் காட்ட அக்கம்பக்கத்தில் இருப்பவற்றையும் கணினி பிரித்துப் படிக்க வேண்டும். டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான். எடிட்டிங் மென்பொருள் நிறுவனமான அவிட் 2004இல் கொண்டுவந்த டிஎன்எக்ஸ்எச்டியும் ஆப்பிள் 2007இல் கொண்டுவந்த ப்ரோரெஸும் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக முழுசாக வைக்கின்றன. இடம் அதிகம் பிடிக்கும். எச்டியில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ப்ரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி. டிஸ்க்கில் அவ்வளவு இடம் இல்லையென்றால் எடிட்டுக்கு மட்டும் சிறிய நகல், அதாவது ப்ராக்ஸி, செய்யுங்கள், அது 17 ஜிபியில் முடிந்துவிடும். ப்ராக்ஸிக்கும் ஒரிஜினலுக்கும் பெயர், ஃபிரேம் ரேட், டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்), ஆடியோ சேனல் எண்ணிக்கை நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆடியோ சேனலைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஃபிரேம் ரேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில கேமராக்களின் மெனுவில் 24 என்று இருக்கும், உள்ளே பதிவாவது 23.976. அமெரிக்க டிவி முறையின் மிச்சம் அது. எங்காவது ஒரு இடத்தில் படத்தை மட்டும் 24 என்று எடுத்துக்கொண்டு ஒலியை அப்படியே விட்டுவிட்டால், 40 நிமிட முடிவில் உதடும் குரலும் 2.4 நொடி விலகி நிற்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் மின்னாமல் இருக்கவும் 25தான் வசதி, நம் டிவியும் 25தான். ஆகவே ஆவணப்படத்துக்கு என் ஓட்டு 25க்கு. பிறகு தியேட்டருக்காக 24 ஆக்கினால் 40 நிமிடப் படம் 41 நிமிடம் 40 நொடி ஆகும், குரலும் கொஞ்சம் கனக்கும். தியேட்டர்தான் இலக்கு என்றால் முதலிலேயே சரியான 24இல் எடுத்துவிடுங்கள். எதுவானாலும் கேமராமேன், எடிட்டர், சவுண்ட் எஞ்சினியர் மூவருக்கும் ஒரே எண் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு மதிய வேலை. ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு, பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு கேமராவிலும் போனிலும் ரெக்கார்டரிலும் கொஞ்சம் எடுங்கள். ஒரு நிமிடத்துக்கு வெட்டுங்கள். ஒரு ஸ்லோமோஷன், ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வரும் ஒரு டிசால்வ், கொஞ்சம் பெரிதாக்கிய ஒரு ஷாட், ஒரு டைட்டில் கட்டாயம் இருக்கட்டும். பெரும்பாலும் உடைவது இவைதான். எக்ஸ்எம்எல்லைக் கலருக்கும், அதே மாதிரி ஒலிக்கான ஏஏஎஃப் ஃபைலை சவுண்டுக்கும் அனுப்பித் திரும்ப வாங்கிச் சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்எம்எல் தகராறு செய்தால் இடிஎல் என்ற வெட்டுகளின் பட்டியல் இருக்கிறது. டேப் காலத்து முறை, ஒரே ஒரு வீடியோ ட்ராக்தான் தாங்கும். ஆனாலும் அநேகமாக எல்லா மென்பொருளும் அதைப் படிக்கும், எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

அப்புறம், ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் நம்பி டிஸ்க்கை அலமாரியில் வைக்காதீர்கள். 2011இல் ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தபோது அதற்கு முந்தைய பதிப்பில் செய்த ப்ராஜெக்ட்டுகளை அதால் திறக்கவே முடியவில்லை. உலகம் முழுக்க எடிட்டர்கள் தவித்தார்கள். அதை அறிந்த பிறகு, ஒவ்வொரு படம் முடியும்போதும் டைட்டில் எழுத்தில்லாத முழுப்படப் பிரதி, அதாவது மாஸ்டர், ஒன்றை ப்ரோரெஸின் இன்னும் உயர்தர வகையான 422 எச்க்யூவில் எடுத்துவைக்கிறேன். வசனம், இசை, மற்ற ஒலிகள் மூன்றும் தனித்தனி வேவ் ஃபைல்களாக, எக்ஸ்எம்எல்லும் இடிஎல்லும் அதே ஃபோல்டரில், இரண்டு டிஸ்க்கில்.

போன மாதம் அந்த உப்பளப் படத்தை ஒரு கல்லூரியில் திரையிடக் கேட்டார்கள், ஆங்கில சப்டைட்டிலோடு. பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்தால் டைட்டில் இருந்த இடமெல்லாம் சிவப்பாக நின்றது, டைட்டில் செய்த ப்ளகின் (துணை மென்பொருள்) இப்போது என் கணினியில் இல்லை. மாஸ்டரைத் திறந்தேன். 55 ஜிபி, முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை சிக்கலில்லாமல் ஓடியது. டைட்டிலைப் புதிதாகப் போட்டு, சப்டைட்டில் சேர்த்து, மறுநாள் காலையில் அனுப்பிவிட்டேன்.